இரண்டு சப்நெட்டுக்கு நடுவே வேகம் எங்கே விழுகிறது?

"அதே ஃபைல் சர்வர்தான். சர்வர் விலானிலேயே இருக்கிற மெஷினில் பறக்கிறது, பக்கத்து விலானிலிருந்து எடுத்தால் நகரவே மாட்டேன் என்கிறது." விலான் என்பது ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்; வழக்கமாக ஒவ்வொரு விலானுக்கும் ஒரு சப்நெட், அதாவது தனி ஐபி முகவரித் தொகுதி. அலுவலக நெட்வொர்க்கில் இந்தப் புகார் வந்ததும் பலரின் கை முதலில் போவது கேட்வேயின், அதாவது சப்நெட்களை இணைக்கும் சாதனத்தின், பவர் பட்டனுக்கு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் போர்ட் கவுண்டர்கள், ஏஆர்பி டேபிள் (எந்த ஐபிக்கு எந்த மேக், அதாவது வன்பொருள் முகவரி), மேக் டேபிள் (எந்த மேக் எந்த போர்ட்டில்), மெமரியில் இருந்த லாக் எல்லாம் போய்விடும். கொஞ்ச நேரம் சரியானது போலத் தெரியும். மறுபடி படுக்கும்போது தேடுவதற்குத் தடயம் எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரே சப்நெட்டுக்குள் போகிற பாக்கெட்டுக்கும் சப்நெட் தாண்டுகிற பாக்கெட்டுக்கும் நடுவே கூடுதலாக வருவது கேட்வே என்கிற ஒரு நிறுத்தம்தான். அங்கே மேக் முகவரி மாறும், டிடிஎல் (இன்னும் எத்தனை கேட்வே தாண்டலாம் என்ற எண்) ஒன்று குறையும், ஏசிஎல்லோ (அனுமதிப் பட்டியல்) ஃபயர்வால் விதியோ இருந்தால் சரிபார்க்கப்படும். இந்த வேலையை ஸ்விட்ச் சிப்பே செய்துவிட்டால் கேபிளின் முழு வேகமும் கிடைக்கும். அதே வேலை சிபியு கைக்குப் போனால் வேகம் தரைமட்டமாகும். ஆகவே தேடலின் மையக் கேள்வி, இந்தப் பாக்கெட்டை யார் தூக்கிக் கொடுக்கிறார்கள், எந்த வழியாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் போகும் முன், பிரச்சினை உண்மையிலேயே சப்நெட் தாண்டும் இடத்தில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்யாமல் கேட்வேயை நோண்டி நாளைக் கழிக்கிறார்கள்.

அளந்துவிட்டுப் பேசுங்கள்

ஃபைல் காப்பியை வைத்து நெட்வொர்க்கை அளக்காதீர்கள். அதில் டிஸ்க், ஆன்டிவைரஸ், எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறை) எல்லாம் கலந்திருக்கும். இரண்டு மெஷினுக்கு நடுவே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 போதும். அது 5201 போர்ட்டில் பேசும், நடுவில் ஃபயர்வால் இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிளில் இணைத்த இரண்டு லேப்டாப் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டையும் ஒரே விலானில், ஒரே ஸ்விட்ச்சில் வைத்து ஓட்டுங்கள். ஜிகாபிட் லிங்க்கில் சுமார் 940 மெகாபிட் வர வேண்டும். 1500 பைட் எம்டியுவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஒவ்வொரு ஃபிரேமும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும், அதில் உண்மையான டேட்டா 1448 பைட். 1000-க்கு 941 என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. அடுத்து, லேப்டாப்பையும் கேபிளையும் மாற்றாமல், ஒரு போர்ட்டின் விலானை மட்டும் மாற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். அதே மெஷின், அதே கேபிள், அதே போர்ட். மாறியது விலான் மட்டும். இப்போது வருகிற வித்தியாசத்துக்குக் கேட்வே பொறுப்பு. முதல் சோதனையிலேயே 300 மெகாபிட் வந்திருந்தால் சப்நெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். நேராக ஒரு தடவை, ரிவர்ஸ் ஆப்ஷன் போட்டு ஒரு தடவை, 8 பேரலல் ஸ்ட்ரீம் வைத்து ஒரு தடவை. ஒரு ஸ்ட்ரீம் 150 மெகாபிட்டில் நின்று, 8 ஸ்ட்ரீம் சேர்ந்து 900-ஐத் தொட்டால் பாதையில் கொள்ளளவு இருக்கிறது. பாக்கெட் இழப்போ, தாமதமோ, டிசிபி விண்டோவோ (ஒப்புதல் வரும் முன் அனுப்பக்கூடிய டேட்டா அளவு) ஒவ்வொரு ஸ்ட்ரீமையும் பிடித்து இழுக்கிறது. 8 ஸ்ட்ரீம் போட்டும் மொத்தம் அதே 150-ல் நின்றால் நடுவில் யாரோ 150-க்கு மேல் தூக்க முடியாமல் திணறுகிறார்கள். அது பெரும்பாலும் சிபியுதான். ஒரு திசையில் நன்றாகப் போய் மறுதிசையில் படுத்தால் கேபிள், டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் போவது ஃபுல், மாறி மாறிப் போவது ஹாஃப்), அல்லது போகும் வழியும் திரும்பும் வழியும் வேறுவேறு.

இரண்டு எச்சரிக்கைகள். ஐபெர்ஃப்3-ல் யூடிபி சோதனையின் இயல்பான வேகம் 1 மெகாபிட்தான். பேண்ட்விட்த் ஆப்ஷனைக் கொடுக்காமல் ஓட்டிவிட்டு "யூடிபியில் 1 மெகாபிட்தான் வருகிறது" என்று பதறக் கூடாது. இன்னொன்று, 3.16-க்கு முந்தைய பதிப்புகள் எத்தனை ஸ்ட்ரீம் கொடுத்தாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். 10 ஜிகாபிட் லிங்க்கை அதில் அளந்தால், அளக்கிற மெஷினின் ஒரு கோர் நிரம்பி நின்றிருக்கும். நீங்கள் நெட்வொர்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்வேயின் ஐபிக்கே பிங் அடித்து, 8 மில்லிவிநாடி வந்ததும் கேட்வே ஸ்லோ என்று முடிவு கட்டுவது தவறு. தனக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வது அதன் சிபியு, அதுவும் கடைசி முன்னுரிமையில். தன் வழியாகப் போகும் பாக்கெட்டை அது சிப்பில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும். எனவே கேட்வேக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெஷினுக்குப் பிங் அடியுங்கள். கம்பி வழி அலுவலக நெட்வொர்க்கில் 1 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். கையோடு, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டும் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். நடுவில் ஒரே ஒரு ஹாப், அதாவது கேட்வே மட்டும், வர வேண்டும். இரண்டு வந்தால், நீங்கள் வரைந்து வைத்திருக்கும் படம் வேறு, பாக்கெட் போகிற வழி வேறு.

கம்பியும் போர்ட்டும்

94 மெகாபிட் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், வழியில் ஏதோ ஒரு லிங்க் 100-ல் இணைந்திருக்கிறது. 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4-5 அல்லது 7-8-ல் ஒரு கம்பி கிரிம்ப்பில் சரியாக உட்காராமல் இருந்தால் பல போர்ட்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லிங்க் லைட் எரியும், எல்லாம் வேலை செய்யும். கேட்வேக்குப் போகும் அப்லிங்க்கில் இது நடந்தால் அந்தந்த விலானுக்குள் வேகம் அப்படியே இருக்கும். தாண்டும்போது மட்டும் பத்தில் ஒரு பங்காகும்.

டூப்ளெக்ஸ் பொருந்தாமை பழைய வியாதி, இன்னும் சாகவில்லை. ஒரு முனையில் யாரோ 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருப்பார்கள், மறுமுனை ஆட்டோவில் இருக்கும். ஆட்டோ முனைக்கு எதிர்முனையின் வேகம் தெரியும், டூப்ளெக்ஸ் தெரியாது. அதனால் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிங் அழகாகப் போகும், ஃபைல் காப்பி போட்டால் தவழும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) கவுண்டர் ஏறும், ஃபுல் முனையில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த ஃபிரேம்) ஏறும். இரண்டும் ஜோடியாக ஏறினால் வேறு சாட்சி தேவையில்லை. இரண்டு முனையையும் ஆட்டோவில் விடுவதுதான் மருந்து.

கவுண்டரைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று ஆண்டாக ஓடுகிற ஸ்விட்ச்சில் 4000 சிஆர்சி பிழை என்றால் ஒன்றுமே தெரியாது. எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐபெர்ஃப்3-ஐ 60 விநாடி ஓட்டி, மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் அது இன்றைய நோய், இல்லாவிட்டால் பழைய தழும்பு. பாதையில் இருக்கும் எல்லா போர்ட்டிலும் இதைச் செய்யுங்கள். சிஆர்சி ஏறினால் கேபிளையோ, போர்ட்டில் செருகியிருக்கும் எஸ்எஃப்பி மாட்யூலையோ மாற்றுங்கள். அவுட்புட் டிராப் ஏறினால் அந்த போர்ட்டுக்கு வெளியே தள்ள முடியாத அளவு வருகிறது என்று பொருள். 10 ஜிகாபிட் சர்வரிலிருந்து 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு இறங்கும் இடத்தில் இது சகஜம். சராசரி பயன்பாடு 20 சதவீதம் என்று கிராஃப் காட்டினாலும் சில மில்லிவிநாடி வெடிப்பில் பஃபர் நிரம்பி வழிந்துவிடும்.

கேட்வேக்குள்ளே

ஒரே ட்ரங்க் கேபிளில் எல்லா விலானையும் ரூட்டருக்குக் கொண்டுபோகும் அமைப்பாக இருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு பாக்கெட் அந்த ட்ரங்க்கில் ஒருமுறை மேலே ஏறி, அதே ட்ரங்க்கில் ஒருமுறை கீழே இறங்குகிறது. ஒரு திசைக் காப்பிக்கு 940 கிடைக்கலாம். ஆனால் இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஆளுக்குச் சுமார் 470. அதே ட்ரங்க்கில் இன்டர்நெட் போக்குவரத்தும் பேக்கப்பும் ஏறியிருந்தால் இன்னும் குறையும். இது கோளாறு இல்லை, வடிவமைப்பின் எல்லை. ரூட்டிங்கையும் சிப்பிலேயே செய்யும் லேயர் 3 ஸ்விட்ச்சுக்கு மாற்றுவதோ, ட்ரங்க்கைப் பெரிதாக்குவதோதான் வழி.

ஃபயர்வால்தான் கேட்வே என்றால் டேட்டாஷீட்டைத் திறந்து சரியான வரியைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் ஃபயர்வால் வேகம் பெரிய யூடிபி பாக்கெட்டை வைத்து அளந்தது. உங்களுக்கு வேண்டியது ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு), ஆன்டிவைரஸ் எல்லாம் இயங்கும்போது வரும் வேகம். அது பல மடங்கு குறைவாக இருக்கும். உள் விலானிலிருந்து உள் விலானுக்குப் போகும் பேக்கப்பை முழு ஸ்கேனுக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். சோதனைக்காக, இரண்டு லேப்டாப்புக்கு மட்டும் ஸ்கேன் இல்லாத ஒரு விதியை மேலே போட்டு ஐபெர்ஃப்3 ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். மைக்ரோடிக் போன்ற ரூட்டர்களில் ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்குவழி விதி அணைந்திருக்கிறதா, ஹார்டுவேர் ஆஃப்லோட் (வேலையைச் சிப்பிடம் விடுவது) வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்ச் வரிசையில் வரும் மாடலை வாங்கி, எல்3 ஆஃப்லோடை இயக்காமல் ரூட்டிங் செய்யவிட்டால், அத்தனை பாக்கெட்டும் அதன் சின்ன சிபியு வழியாகத்தான் போகும்.

லேயர் 3 ஸ்விட்ச்சில் ரூட்டிங் சிப்பில்தான் நடக்க வேண்டும். ஆனாலும் சில சூழலில் பாக்கெட் சிபியுவுக்கு ஏறிவிடும். ஏசிஎல் வரியில் லாக் என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் பல மாடல்களில் அந்த வரியில் பொருந்தும் பாக்கெட்கள் மேலே போகும். ரூட்டோ ஏசிஎல்லோ டிகேம் என்ற சிப் மெமரியின் கொள்ளளவைத் தாண்டினால் மிச்சம் மேலே போகும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஒரே விலானில் ஸ்விட்ச்சும் ஃபயர்வாலும் இரண்டு கேட்வேயாக இருந்து, பாக்கெட் வந்த இன்டர்ஃபேஸிலேயே திரும்பி வெளியேற வேண்டியிருந்தால், ஸ்விட்ச் அனுப்பியவருக்கு "இனி அவர் வழியாக நேரே அனுப்பு" என்ற ஐசிஎம்பி ரீடைரக்ட் செய்தியை அனுப்பப் பார்க்கும். அதை உருவாக்க வேண்டியது சிபியு. அந்த விலான் இன்டர்ஃபேஸில் நோ ஐபி ரீடைரக்ட்ஸ் போட்டதும் சிபியு கிராஃப் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் ஐபி இன்புட் என்ற ப்ராசஸ் சிபியு பட்டியலின் உச்சியில் நின்றால், சிப்பில் போக வேண்டிய பாக்கெட்கள் சாஃப்ட்வேரில் போகின்றன என்று அர்த்தம்.

சர்வருக்கு இரண்டு கால் இருந்தால்

இது தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம். ஒரு சர்வர், விலான் 10-ல் ஒரு காலும் (நெட்வொர்க் இணைப்பு) பயனர் விலான் 20-ல் ஒரு காலும் வைத்திருக்கிறது. "நேராகப் போனால் வேகமாக இருக்கும்" என்று நல்லெண்ணத்தில் யாரோ போட்டது. விலான் 20-ல் இருக்கும் மெஷின், டிஎன்எஸ் சொன்ன 10.1.10.5 என்ற முகவரிக்குக் கேட்வே வழியாக அனுப்புகிறது. சர்வர் பதிலைத் தன் இரண்டாவது கால் வழியாக விலான் 20-க்குள் நேரே கொடுத்துவிடுகிறது. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி.

கேட்வே ஃபயர்வாலாக இருந்தால் உரையாடலின் ஒரு பாதிதான் அதன் கண்ணில் படும். இணைப்பை வெட்டிவிடும், பிரச்சினை உடனே தெரிந்துவிடும். கேட்வே லேயர் 3 ஸ்விட்ச்சாக இருந்தால்தான் சிக்கல் ஆழமாகப் போகும். சர்வரின் முதல் காலிலிருந்து எதுவும் வெளியே வராததால், ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் அதன் முகவரி 300 விநாடியில் காலாவதியாகும். ஆனால் கேட்வேயின் ஏஆர்பி பதிவு சிஸ்கோவில் இயல்பாக 4 மணி நேரம் உயிரோடு இருக்கும். மேக் தெரியும், எந்த போர்ட் என்று தெரியாது. அப்போது ஸ்விட்ச்சுக்கு இருக்கும் ஒரே வழி, விலான் 10-ன் எல்லா போர்ட்டுக்கும் அந்த ஃபிரேமைக் கொட்டுவது. ஒருவர் 400 மெகாபிட்டில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த விலானில் 100-ல் இணைந்திருக்கும் ஐபி ஃபோன், பிரின்டர், பழைய கன்ட்ரோலர் எல்லாம் மூச்சுத் திணறும். கேட்வேயின் சிபியு சும்மா இருக்கும், பிழை கவுண்டர் எதுவும் ஏறாது.

கண்டுபிடிப்பது எளிது. அதே விலானில் வேலையில்லாத ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வையுங்கள். பிராட்காஸ்ட்டும் மல்டிகாஸ்ட்டும் மட்டுமே தெரிய வேண்டும். வேறு இருவருக்கு நடுவே ஓடும் டிசிபி டேட்டா ஆறாகப் பாய்வதைப் பார்த்தால் இதுதான் நோய். சர்வரின் இரண்டாவது காலை எடுத்துவிடுங்கள். இரண்டு கோர் ஸ்விட்ச்கள் எச்எஸ்ஆர்பி அல்லது விஆர்ஆர்பி ஜோடியாக (ஒன்று விழுந்தால் மற்றது கேட்வே ஆகும் முறை) இருக்கும் இடத்திலும் இதே நோய் வரும். அங்கே காலை எடுக்க முடியாது. ஏஆர்பி டைமரை மேக் டைமருக்குக் கீழே, உதாரணமாக 270 விநாடிக்கு, இறக்குங்கள். ஏஆர்பி புதுப்பிக்கும்போது வரும் பதிலே மேக் டேபிளையும் புதுப்பித்துவிடும்.

கூடவே சப்நெட் மாஸ்க்கையும் ஒரு பார்வை பாருங்கள். /24-க்குப் பதில் /16 என்று அடித்திருந்தால் மெஷின் 10.1.20.x-ஐ உள்ளூர் என்று நினைத்து நேரடியாக ஏஆர்பி கேட்கும். கேட்வேயில் ப்ராக்ஸி ஏஆர்பி இயங்கினால் அது தானே பதில் சொல்லி ஒப்பேற்றிவிடும், தவறு வருடக்கணக்கில் வெளியே தெரியாது.

இரண்டு லிங்க்கை லேக் ஆக, அதாவது ஒரே லிங்க் போல, சேர்த்துக் கட்டியவர்கள் ஹாஷ் முறையை (எது எந்த கேபிளில் போகும் என்று தீர்மானிக்கும் கணக்கு) பாருங்கள். ஒரு ஃப்ளோ எப்போதும் ஒரு கேபிளில்தான் போகும், அது தெரிந்ததே. மேக் முகவரியை வைத்து ஹாஷ் போட்டால், சப்நெட் தாண்டி வரும் எல்லா ஃபிரேமுக்கும் அனுப்புநர் மேக் கேட்வேயுடையதுதான். சேருமிடமும் ஒரே சர்வர் என்றால் நூறு பயனரும் ஒரே கேபிளில் அடைந்துகொள்வார்கள், மற்றொன்று காலியாக இருக்கும். ஐபியை வைத்து, முடிந்தால் போர்ட் எண்ணையும் சேர்த்து, ஹாஷ் போடச் சொல்லுங்கள்.

எம்டியு, விண்டோ

ஜம்போ ஃபிரேம் (1500-ஐவிடப் பெரிய எம்டியு) பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. சர்வர் 9000, பயனர் 1500 என்றால் டிசிபிக்கு அது பிரச்சினையே இல்லை. இணைப்பு தொடங்கும்போதே இருவரும் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் ஏற்கக்கூடிய டேட்டா அளவு) சொல்லிக்கொள்வார்கள், சிறியது ஜெயிக்கும். இரு முனையும் 9000, நடுவில் கேட்வே இன்டர்ஃபேஸ் 1500 என்று இருக்கும்போதுதான் அடி விழும். கேட்வே "உடைக்க வேண்டும்" என்ற ஐசிஎம்பி செய்தியை அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் யாராவது எல்லா ஐசிஎம்பியையும் அடைத்திருந்தால் அது போய்ச் சேராது. லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் வரும், ஃபைலைத் திறந்தால் தொங்கும். டோன்ட் ஃப்ராக்மென்ட் ஆப்ஷனோடு பிங் அடியுங்கள்: 1500-க்கு பேலோடு 1472, 9000-க்கு 8972. ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 கழித்த எண்கள் இவை. 1472 போய் 8972 போகாவிட்டால் கேட்வே இன்டர்ஃபேஸ்களின் எம்டியுவைச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஸ்ட்ரீம் மட்டும் படுத்தால், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் வயர்ஷார்க் போட்டு இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டைத் திறந்து பாருங்கள். அனுப்பும் முனையில் விண்டோவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேல் ஆப்ஷன் இருந்து, பெறும் முனையில் காணாமல் போயிருந்தால் நடுவிலிருக்கும் பெட்டி அதைக் கழற்றிவிட்டது. அப்போது விண்டோ 65535 பைட்டுக்கு மேல் போகாது. 1 மில்லிவிநாடி தாமதத்தில் 524 மெகாபிட், ஸ்கேன் செய்யும் ஃபயர்வால் அதை 4 ஆக்கினால் 131 மெகாபிட். கணக்கு அவ்வளவு துல்லியமாக வரும். பாக்கெட் இழப்பும் சாதாரணமானதில்லை: 1 மில்லிவிநாடி தாமதத்தில் 1 சதவீதம் இழப்பு, ஜிகாபிட் லிங்க்கில் ஒரு ஸ்ட்ரீமைச் சுமார் 140 மெகாபிட்டுக்கு இறக்கிவிடும். கேப்சரில் 1500-ஐவிடப் பெரிய பாக்கெட்டும் தவறான செக்சமும் தெரிந்தால் கலங்க வேண்டாம். கார்டு செய்ய வேண்டிய வேலையை இன்னும் செய்யாத நிலையில், கேப்சர் அதை முன்கூட்டியே பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ஜீரோ விண்டோ தெரிந்தால் பெறும் மெஷின் தன்னால் முடியவில்லை என்கிறது. நெட்வொர்க்கை விட்டுவிட்டு அந்த மெஷினின் டிஸ்க்கைப் பாருங்கள்.

ஐபெர்ஃப்3 இரு பக்கமும் 940 காட்டியும் பயனர் ஸ்லோ என்கிறாரா? பெயருக்குப் பதில் ஐபியை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். பிராட்காஸ்ட் வழியாகப் பெயர் தேடுவது சப்நெட்டைத் தாண்டாது. அதே விலானில் உடனே திறப்பது இங்கே காத்திருந்து திறக்கும். லினக்ஸில் திறக்கும் தாமதம் சரியாக 5 விநாடி என்றால் முதல் டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லவில்லை, பெயரைத் தேடும் லினக்ஸ் ரிசால்வரின் இயல்பான காத்திருப்பு நேரம் அதுதான்.

பெயர் பிரச்சினையும் இல்லை, சின்னச் சின்ன ஃபைல்கள் மட்டும் மெதுவாகப் போகின்றன என்றால் பேண்ட்விட்த்தை மறந்துவிட்டுத் தாமதத்தைப் பாருங்கள். எஸ்எம்பி ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று பலமுறை போய் வரும். ஒரு ஃபைலுக்கு 8 சுற்று என்று வைத்துக்கொண்டால், 10,000 ஃபைலுக்கு 80,000 சுற்று. ஒரே விலானில் 0.3 மில்லிவிநாடி என்றால் 24 விநாடி; ஃபயர்வால் தாண்டி 3 மில்லிவிநாடி என்றால் 240 விநாடி. லிங்க் முக்கால்வாசி காலியாக இருக்கும்போதே இது நடக்கும், எத்தனை ஜிகாபிட் கூட்டினாலும் குறையாது. விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையை மல்டித்ரெட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எண் கொடுக்காவிட்டால் 8 த்ரெட், 16 அல்லது 32 கொடுத்துப் பாருங்கள். அல்லது அனுப்பும் இடத்திலேயே ஒரே ஸிப்பாகக் கட்டி அனுப்புங்கள்.